சூட்டின் நிறம் – 7: எண்களை அழித்த வரைபடம்

சென்ற வாரம் மௌனா லோவா மலையில் விட்டோம். காற்றின் கரியமிலவாயுவை அளந்து விஞ்ஞானி கீலிங் அங்கே 1958இல் தொடங்கிய கோடு வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் பனிக்கரடிப் படங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் ஐந்து நாட்களாக ஒரு கம்பளிப் போர்வை மனத்தை விட்டு நகர மறுக்கிறது. அதைத்தான் எழுதியாக வேண்டும்.

இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பருவநிலை விஞ்ஞானியாக இருந்த எல்லி ஹைவுட், குரோஷா ஊசியால் பின்னிய போர்வை அது. வரிசைக்கு ஓர் ஆண்டு. அந்த ஆண்டு பூமியின் சராசரி வெப்பம் எவ்வளவோ, அதற்கேற்ற நிறத்தில் நூல். தம் ஊரின் அன்றாட வெப்பத்தை வரிசை வரிசையாகப் பின்னிவைக்கும் பழக்கம் கைவேலைக்காரர்களிடம் முன்பே உண்டு. ஹைவுட் நாளை ஆண்டாக்கினார், ஊரைப் பூமியாக்கினார்.

குரோஷா தெரிந்தவர்களுக்கு இதன் ஆழம் உடனே புரியும். முந்தைய வரிசையின் கண்ணிக்குள் ஊசியை விட்டுத்தான் அடுத்த வரிசையை எழுப்ப முடியும். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போக வழியில்லை. காற்றில் சேரும் கரியமிலவாயுவும் அப்படித்தான். போன ஆண்டின் மிச்சத்தின் மேல்தான் இந்த ஆண்டின் புகை ஏறி உட்காருகிறது. எந்த வரைபடத்தாளும் இதை இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

இந்தப் போர்வையிலிருந்து கிளைத்த யோசனைதான் அதே பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018 மே மாதம் வெளியிட்ட வெப்பப் பட்டைகள். பூமி சூடேறுவதைச் சுருளாகக் காட்டி அவர் 2016இல் செய்த வெப்பச் சுருள், ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவிலேயே காட்டப்பட்டது. ஆனால் சுருளில் எண்கள் இருந்தன. பட்டைகளில் அச்சு இல்லை, அளவு இல்லை, ஒரு சொல்கூட இல்லை. ஆண்டுக்கு ஒரு செங்குத்துப் பட்டை. சராசரியைவிடக் குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு. விலகல் கூடக் கூட நிறம் அடர்கிறது.

அந்த நிறங்களும் கண்ணுக்குப் பட்டதை எடுத்தவை அல்ல. நிலவரைபடங்களுக்காக சிந்தியா புரூவர் என்ற புவியியலாளர் உருவாக்கிய நிறத்தொகுப்பிலிருந்து எட்டு நீலம், எட்டு சிவப்பு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே பலர். நீலமும் சிவப்பும் அவர்களையும் கைவிடுவதில்லை. அவசரச் செய்தியை எழுதுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது, யாருக்கெல்லாம் அது தெரியாமல் போகும் என்பதைத்தான்.

சித்தியிடம் இந்தப் படத்தைக் காட்டினேன். நாற்பது ஆண்டுகளாகக் குரோஷா போடுகிற கை. வானிலை, விஞ்ஞானம் எதையும் நான் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடமிருந்து வலம் மெதுவாகப் பார்த்தார். “ஏன்டா, கடைசியில நீல நூல் தீந்துபோச்சா?” என்று கேட்டார். இதைவிடச் சரியாக அந்தப் படத்தை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

2019 ஜூனில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிப் பட்டைகளைத் தரும் இணையதளத்தை ஹாக்கின்ஸ் திறந்தார். ஒரே வாரத்தில் பத்து லட்சத்துக்கு மேல் தரவிறக்கம். ரெடிங் கால்பந்து அணியின் சட்டைக் கையிலும் பிறகு அந்தப் பட்டைகள் ஏறின.

குறையும் உண்டு. சூடேறியதைக் காட்டும் பட்டைகள், சூடேற்றியது யார் என்பதைக் காட்டுவதில்லை. நிலக்கரியும் பெட்ரோலும் அந்தப் படத்துக்குள் எங்கும் இல்லை. ஒவ்வொரு நாட்டுப் படத்துக்கும் நிற அளவுகோல் தனி என்பதால் இரண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் தவறு. ஆனாலும் இதுவரை இந்தத் தொடரில் பார்த்த எல்லாப் படங்களிலும் இதுவே சிறந்தது என்பேன். எண்களோடு வாழ்கிற ஒரு விஞ்ஞானி, எண்களையே எடுத்துவிடத் துணிந்தார்.

பனிக்கரடி அடுத்த வாரம். அதற்குள் பூமியின் பட்டைகளை ஒருமுறை வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். வலது ஓரத்திலிருந்து தொடங்குங்கள். இந்த நூற்றாண்டில் ஒரு நீலப் பட்டைகூடக் கிடையாது.