தலைக்கணக்கு எடுக்காத நாடு

2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டுக்காக எங்கள் வீட்டுக்கு வந்த உத்தியோகத்தர், பெயர், வயது, இனம், மதம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அவர் போன பிறகு எனக்கு லெபனான் ஞாபகம் வந்தது. கணவர் காணாமல்போனபின், பிள்ளைகளின் சாப்பாட்டுக்காக 2003இல் நான் பணிப்பெண்ணாகப் போன நாடு அது. அங்கே 1932ஆம் ஆண்டுக்குப் பிறகு குடிசன மதிப்பீடே நடக்கவில்லை என்றால் நம்புவீர்களா?

லெபனான் இலங்கையின் ஆறில் ஒரு பங்களவான சின்ன நாடு. சனத்தொகை 50 இலட்சத்துக்கும் 60 இலட்சத்துக்கும் இடையில் என்பது மதிப்பீடுதான். நூற்றுக்கு 95 பேர் அராபியர், 4 பேர் ஆர்மீனியர் என்கிறார்கள். கிறிஸ்தவர்களில் சிலர், "நாங்கள் அராபியர் அல்ல, பழைய பினீசியரின் வழிவந்தவர்கள்" என்பார்கள். பேசுவது பெரும்பாலும் ஒரே அரபு மொழி. ஆனால் அரசு அங்கீகரித்த மதப்பிரிவுகள் 18.

கணக்கு எடுக்காததற்குக் காரணம் அதிகாரம். 1932இல் கிறிஸ்தவர்கள் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தனர். அதை வைத்தே 1943இல் சனாதிபதி மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி முஸ்லிம், சபாநாயகர் ஷியா முஸ்லிம் என்று ஏற்பாடு செய்தார்கள். நாடாளுமன்றத்தில் ஆறு கிறிஸ்தவருக்கு ஐந்து முஸ்லிம்கள். காலப்போக்கில் மக்கள்தொகை மாறியது. திரும்ப எண்ணினால் பங்கும் மாறுமே என்ற பயம். 1975 முதல் 1990 வரை நடந்த போரின் காரணங்களில் இந்தப் பங்குச் சண்டையும் ஒன்று. 1989 தாயிப் உடன்படிக்கை ஆசனங்களைச் சரிபாதியாக்கியது. அதன் பின்னும் எண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் பெய்ரூத்தின் தோரா பகுதிக்குப் போவேன். இலங்கைப் பெண்கள் கூடும் இடம். பக்கத்திலுள்ள பூர்ஜ் ஹம்மூத்தில் கடைப் பலகைகள் ஆர்மீனிய எழுத்தில் இருக்கும். 1915 படுகொலையில் தப்பி வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். குடியுரிமை பெற்று, நாடாளுமன்றத்திலும் இடம் பெற்றவர்கள். 1948இல் வந்த பாலஸ்தீனியரில் பெரும்பாலோருக்கோ இன்றும் குடியுரிமை இல்லை. 2017இல் அவர்களின் முகாம்களிலும் குடியிருப்புகளிலும் மட்டும் ஒரு கணக்கு எடுத்தார்கள், 1,74,422 பேர். 2011க்குப் பிறகு சிரியாவிலிருந்து பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட அகதிகள் வந்தார்கள்.

என் மேடத்தின் தங்கை ஒரு சிரியரை மணந்தவர். பிள்ளைகள் பெய்ரூத்தில் பிறந்தவர்கள், தாய் லெபனான்காரி. ஆனாலும் அவர்கள் வெளிநாட்டவர். வதிவிட அனுமதிக்காக அந்தத் தாய் கந்தோர் கந்தோராக அலைவதைக் கண்டேன். 1925ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியுரிமை தந்தை வழியாகவே வரும். அது இன்னும் மாறவில்லை.

எங்களுக்கும் அங்கே ஒரு கணக்கு இருந்தது. வேலைக்காரியைக் குறிக்க அவர்கள் சொல்லும் வார்த்தையே "சிரிலங்கியே" என்பதுதான். எந்த நாட்டுப் பெண்ணுக்கும் அதே பெயர். 1946ஆம் ஆண்டுத் தொழிற்சட்டமோ வீட்டுப் பணியாளரைச் சேர்க்கவில்லை.

2005இல் ஒருநாள் காரில் போகும்போது, ஐ.நா. கட்டடத்துக்கு எதிரே கூடாரம் அடித்துத் தாய்மார் இருக்கக் கண்டேன். கைகளில் பிள்ளைகளின் படங்கள். லெபனானில் காணாமல்போனவர்கள் 17,000 பேர் என்பார்கள். 1982இல் வதாத் ஹல்வானி என்ற பெண், கணவர் கடத்தப்பட்டதும் தொடங்கிய குடும்பங்களின் போராட்டத்துக்குப் பின், 2018இல்தான் அவர்களைத் தேடச் சட்டம் வந்தது. அன்று எனக்குப் பாஷை விளங்கவில்லை. படங்கள் விளங்கின. 2006 போரோடு ஊர் திரும்பினேன்.

சகோதரிகளே, எங்கள் நாட்டில் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தாய் வழியாகவும் பிரஜாவுரிமை கிடைக்கும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை எல்லாவற்றிலும் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பதிவில் இல்லாதவருக்காக எந்தக் கந்தோரிலும் கதவு திறக்காது.