ஆதிச்சநல்லூர்த் தாழிக்குழிகளும் மென்பாறையின் பொறியியல் பண்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

மென்பாறையின் தரத்தை அழுத்த வலிமை என்னும் ஓர் எண்ணைக் கொண்டே மதிப்பிடும் வழக்கம் கட்டுமானத் துறையில் பரவலாக உள்ளது. அம்மதிப்பீடு எங்கே பொருந்தும், எங்கே பிழைபடும் என்பதைத் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிக்குழிகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: மென்பாறை, பாறைச் சிதைவு, அழுத்த வலிமை, நீருதிர்வு, ஆதிச்சநல்லூர்

முன்னுரை

திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 24 கி.மீ. தொலைவில், தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர்ப் பரப்பில் விரிந்து கிடக்கும் மேடு ஆதிச்சநல்லூர். 1876இல் ஜெர்மானியரான யாகோரும், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீயும் இங்கு அகழ்ந்தனர். மேலே சரளையும் அதன்கீழ்ச் சிதைந்த குவார்ட்சுப் பாறையும் இருப்பதை ரீ பதிவு செய்தார். தாழி ஒவ்வொன்றுக்கும் பாறையில் தனிக்குழி குடையப்பட்டிருந்தது. இரு குழிகளுக்கு நடுவே பாறைத் தடுப்பு விடப்பட்டிருந்தது. தாழிகளைப் பற்றியும் அவற்றினுள் கிடைத்த பொருள்களைப் பற்றியும் நிறையவே எழுதியுள்ளோம். அவற்றைத் தாங்கி நின்ற பாறைக்கு அந்தக் கவனம் கிட்டவில்லை.

பாறை மென்மையாகும் முறை

திருநெல்வேலிப் பகுதியின் அடிப்பாறை சார்னோகைட்டு, நைசு முதலிய உருமாறிய பாறைகளால் ஆனது. சிதையாத நைசின் அழுத்த வலிமை பெரும்பாலும் 100 மெகாபாஸ்கலை எட்டும். அதன் நுண்துளை அளவு நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. வெடிப்புகளின் வழியே நீர் இறங்கும்போது ஃபெல்ட்ஸ்பார் மெல்லக் களிமமாகிறது. கருமைக்கா விரிவடைந்து அருகிலுள்ள மணிகளை நெகிழ்த்துகிறது. குவார்ட்சு மட்டும் மாறாது நிற்கிறது. ஆகவே கடப்பாறைக்கு இடங்கொடுப்பது குவார்ட்சு மணி அன்று; மணிகளுக்கு இடையிலான பிணைப்பே. ஆதிச்சநல்லூரில் இரும்புக் கருவிகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அத்தகைய கருவி கொண்டோர்க்கு இப்பாறை குடையத்தக்கதாக இருந்ததில் வியப்பில்லை.

வலிமை என்னும் எண்

பன்னாட்டுப் பாறை இயங்கியல் கழகத்தின் வகைப்பாட்டில் 5 முதல் 25 மெகாபாஸ்கல் வரை வலிமையுடையது மெலிந்த பாறை, 1 முதல் 5 வரை மிக மெலிந்தது, 0.25 முதல் 1 வரை அதனினும் மெலிந்தது. களத்தில் இதனை அறியக் கருவி வேண்டியதில்லை. கத்தியால் சீவ வருவது மிக மெலிந்த பாறை. நகம் பதிவது கடைநிலைப் பாறை. கிணறு வெட்டுவோர் இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிடுவர்: வெடி கேட்பது வன்பாறை, கடப்பாறைக்குப் பெயர்வது மென்பாறை. ஒப்பந்தங்களில் தோண்டும் கூலியைத் தீர்மானிப்பதும் பெரும்பாலும் இப்பாகுபாடே.

இனி ஒரு கணக்கு. குழிகளுக்கு இடையிலான தடுப்பு 2 மீட்டர் உயரம் என்றும், பாறையின் எடை கனமீட்டருக்கு 22 கிலோநியூட்டன் என்றும் கொள்வோம். தடுப்பின் அடியில் அதன் சொந்த எடையால் எழும் அழுத்தம் 44 கிலோபாஸ்கல். கடைநிலைப் பாறையின் குறைந்த வலிமையாகிய 250 கிலோபாஸ்கலே இதனைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்டது. வலிமையை மட்டும் நோக்கினால் அஞ்சுவதற்கு எதுவும் இல்லை.

நீரும் உலர்தலும்

மென்பாறை பெரும்பாலும் பாரத்தால் அழிவதில்லை. நனைந்து உலர்ந்து, உலர்ந்து நனைந்து உதிர்கிறது. உலர்ந்த பாறைக்குள் நீர் நுண்துளைகளின் வழியே விரைந்து ஏறும்போது, உள்ளே சிக்கிய காற்று இறுக்கமடைந்து மணிகளைப் பிரிக்கிறது. களிமம் நீரேற்று விரிந்து மீண்டும் சுருங்குவதும் இதனுடன் சேர்கிறது. மண்ணுக்குள் ஈரம் அதிகம் மாறாதிருக்கும். குழியை நிரப்பிய மண் பக்கச் சுவரையும் அணைத்து நிற்கும். இங்குக் கிடைத்த பொருள்களின் கரிமப் பகுப்பாய்வு கி.மு. 905, கி.மு. 696 ஆகிய காலங்களைத் தந்துள்ளது. இத்துணைக் காலம் குழிகள் நிலைத்ததற்குப் பாறையின் வலிமையைவிட மூடப்பட்டிருந்த நிலையே முதற்காரணம் என்பது என் கருத்து. அகழ்வு அந்நிலையை ஒரே நாளில் மாற்றிவிடுகிறது.

இதனை அளக்கும் சோதனையை ஃபிராங்க்ளின், சந்திரா இருவரும் 1972இல் வெளியிட்டனர். இந்தியத் தர நிர்ணயம் 10050 (1981) அதற்குரியது. 40 முதல் 60 கிராம் வரை எடையுள்ள பத்துத் துண்டுகளை 2 மி.மீ. கண்ணுடைய வலை உருளையில் இட்டு, நீரில் 10 நிமிடம் சுழற்றி, உலர்த்தி, மீண்டும் ஒருமுறை சுழற்றுவர். எஞ்சிய எடையின் விழுக்காடே உதிர்வுத் தாங்கெண். ஒரே அழுத்த வலிமையுடைய இரு பாறைகள் இச்சோதனையில் பெரிதும் வேறுபடக்கூடும்.

மாதிரி எடுப்பதிலும் ஓர் இடர் உண்டு. துளையிட்டு எடுக்கும்போது மெலிந்த பகுதி நீரோடு கரைந்து போகிறது. உறுதியான துண்டே ஆய்வகத்தை அடைகிறது. அங்கும் அது மேசைமேல் உலர்ந்து, களத்தில் இருந்ததினும் உயர்ந்த வலிமையைக் காட்டுகிறது. எடுத்தவுடன் மெழுகிட்டு மூடாத மாதிரியின் முடிவை நான் ஏற்கத் தயங்குவேன்.

தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே கண்ணாடித் தளத்தின் வழியே காணும் அருங்காட்சியகம் ஆதிச்சநல்லூரில் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வரவேற்கத்தக்க முயற்சி இது. கூரை மழையைத் தடுக்கும்; ஆனால் அடியிலிருந்து நுண்துளை வழியே ஏறும் ஈரத்தையும் கோடையில் அது வற்றுவதையும் கூரை தடுக்காது. எனவே இனித் திறக்கப்படும் ஒவ்வொரு குழியிலும், மண்ணை அகற்றும் அன்றே பாறைத் தடுப்பின் ஈர அளவைக் குறிக்க வேண்டும். அகழ்வில் பெயர்ந்த துண்டுகளில் உதிர்வுத் தாங்கெண்ணைக் கண்டறிய வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் தடுப்பின் அகலத்தை அளந்து ஒப்பிட வேண்டும்.