பூட்டிக் கிடக்கும் இடங்கள்: சாவி யார் கையில்?

ஆயர் குரோ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மிருகக்காட்சி சாலை. சிலருக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் சுங்கச்சாவடி. மலாய் மொழியில் 'கலங்கிய நீர்' எனப் பொருள்படும் இவ்வூரில்தான் நான் வளர்ந்தேன். என் தாத்தா காலத்தில் சுற்றிலும் ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் இன்று தாமான்களும் அரசாங்க அலுவலகங்களும் பல்கலைக்கழகமும் எழுந்து நிற்கின்றன. 2010ஆம் ஆண்டு இப்பகுதிக்கென ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகமும் அமைந்தது.

வளரும் ஊர்களில் ஒரு விந்தை உண்டு. ஒருபுறம் கூட்டம் நடத்த, படிக்க, பயிற்சி செய்ய இடமில்லை என்று இளைஞர்கள் அலைகின்றனர். மறுபுறம் பெரிய பெரிய கட்டடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதானோ?

பயனின்றிக் கிடக்கும் இடங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, பழைய பயன் முடிந்துவிட்ட கட்டடங்கள். இரண்டாவது, ஏதோ ஒரு காரணத்துக்காக ஒதுக்கப்பட்டு வேறெதற்கும் பயன்படாத நிலங்கள். மூன்றாவது, நாளில் சில மணி நேரம் மட்டுமே பயன்பட்டு மற்ற நேரம் உறங்கும் இடங்கள். இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம், வாருங்கள்.

மலாக்கா கற்றுத்தந்த இரு பாடங்கள்

பழைய கட்டடத்துக்குப் புதிய உயிர் கொடுப்பதில் மலாக்கா நமக்கு நல்ல ஆசான். டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய ஸ்டாட்ஹைஸ் எனும் சிவப்புக் கட்டடம் 1979ஆம் ஆண்டு வரை அரசாங்க அலுவலகமாக இருந்தது. 1982இல் அது அரும்பொருளகம் ஆயிற்று. அதற்கு அருகில், 1912இல் வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டப்பட்ட மலாக்கா கிளப், 1985இல் சுதந்திரப் பிரகடன நினைவகமாக மாறியது. அதன் எதிரிலுள்ள திடலில்தான் 20 பிப்ரவரி 1956 அன்று துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திர நாளை அறிவித்தார். ஒரு காலத்தில் நம் முன்னோர் பணியாளாக மட்டுமே நுழைந்திருக்கக்கூடிய கட்டடத்துக்குள் இன்று எந்தப் பிள்ளையும் தலை நிமிர்ந்து செல்லலாம். கட்டடம் அதேதான், உள்ளே வரும் உரிமை மாறிவிட்டது.

மற்றொரு பாடம் கசப்பானது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்தது. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு கட்டுப்பாடு முற்றாக முடிவுற்றது. வாடகை ஏறியதும் மலாக்காவிலும் ஜார்ஜ் டவுனிலும் பழைய கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் பலர் வெளியேறினர். காலியான வீடுகளில் சில, பறவைக்கூடு வணிகத்துக்காக உழவாரக் குருவிகளின் வளர்ப்பிடங்களாயின. ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம்; உள்ளே ஈரம் ஊறிய சுவர்கள். 2008 ஜூலையில் இவ்விரு நகரங்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பின், ஜார்ஜ் டவுனின் பாரம்பரியப் பகுதியிலிருந்து இவ்வளர்ப்பிடங்களை அகற்ற 2013ஆம் ஆண்டு இறுதி வரை கெடு விதிக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? காலி இடத்துக்குப் புதிய பயன் கண்டுபிடிப்பது கடினமன்று. அது யாருக்குப் பயன் என்பதே கேள்வி.

பட்டறை மேடையான கதை

செந்தூல் என்றால் மலேசியத் தமிழர்களுக்கு இரயில்வே. கரி படிந்த கைகளோடு நம்மவர்கள் உழைத்த பட்டறைப் பகுதியில், பழைய கட்டடமொன்று வேலை ஓய்ந்தபின் கோல்ஃப் திடலின் மனமகிழ் மன்றமாகச் சில காலம் இருந்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது. 2003 ஜூனில் கோலாலம்பூரில் பெய்த பெருமழையில், மெர்டேக்கா சதுக்கத்தின் அடியில் இயங்கிய 'தி ஆக்டர்ஸ் ஸ்டூடியோ' நாடக அரங்கம் வெள்ளத்தில் அழிந்தது. அரங்கை இழந்த கலைஞர்களும் கட்டடத்தை வைத்திருந்த ஒய்.டி.எல். நிறுவனமும் ஓர் அறநிறுவனமும் கைகோத்ததன் பயனாக, 2005இல் அதே செந்தூல் கட்டடம் 'கேஎல்பேக்' எனும் நிகழ்கலை மையமாகத் திறக்கப்பட்டது. பழைய செங்கல் சுவர்களை இடிக்காமல், அவற்றோடு புதிய பகுதியை இணைத்துக் கட்டினார்கள். தேவை உள்ளவரும் இடம் உள்ளவரும் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. அந்தப் பட்டறையில் உழைத்தவர்களின் கதையைத் தமிழில் நாடகமாக்கி அம்மேடையில் ஏற்றுவது நம் போன்ற மாணவர்கள் செய்ய வேண்டிய வேலை.

நியூயார்க்கில் 1980இல் இரயில் ஓட்டம் நின்றுபோன உயர்பாதை ஒன்று, 2009 முதல் 'ஹை லைன்' எனும் பூங்காவாகப் புகழ்பெற்றது உலகறிந்த செய்தி. ஆனால், அப்பூங்காவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் ஹாமண்ட், பக்கத்துக் குடியிருப்பின் எளிய மக்களுக்கு அது போதிய அளவு பயன்படவில்லை என்று 2017இல் வெளிப்படையாக வருந்தினார். பூங்கா எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். உங்களுக்கு என்ன தேவை என்று கேட்கவில்லை. இது நமக்கும் ஓர் எச்சரிக்கை.

மின்கம்பியின் கீழே ஒரு தோட்டம்

இரண்டாவது வகைக்கு வருவோம். உயர் அழுத்த மின்கம்பிகள் செல்லும் பாதையில் வீடு கட்ட முடியாது. ஆகவே, நகரின் நடுவிலேயே அந்நிலம் புல் மண்டிக் கிடக்கும். கோலாலம்பூர் பங்சாரில் அத்தகைய ஒரு மேட்டு நிலத்தில், நிலவடிவமைப்பாளர் இங் செக் சான் முன்னின்று, 2017 முதல் 'கெபுன் கெபுன் பங்சார்' எனும் சமூகத் தோட்டம் உருவானது. காய்கறியும் மூலிகையும் பழமரங்களும் தொண்டர்களின் கைகளால் அங்கே வளர்ந்தன. இந்த எண்ணம் நாட்டுக்குப் புதிதன்று. 1974இலேயே துன் அப்துல் ரசாக் 'பச்சைப் புத்தகத் திட்டம்' கொண்டுவந்து, தரிசு நிலங்களில் உணவுப் பயிர் செய்ய மக்களை ஊக்குவித்தார்.

ஆனால், பங்சார் தோட்டத்துக்குப் பின்னாளில் அக்கம்பக்கத்தார் சிலரின் எதிர்ப்பும் நில உரிமம் பற்றிய சிக்கலும் வந்தன. இங்கே நாம் கற்க வேண்டிய சட்டச் செய்தி ஒன்று உண்டு. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி, அரசு நிலத்தைப் பயன்படுத்தத் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் பெறலாம். நம் மக்கள் பேச்சில் இது 'டி.ஓ.எல்.'. வழங்கப்பட்ட ஆண்டு முடிந்ததும் இந்த உரிமமும் முடிந்துவிடும். மீண்டும் புதுப்பிக்க வேண்டும். எந்தப் பயனுக்கு வழங்கப்பட்டதோ அதற்கு மட்டுமே அது செல்லும். வேர்வை சிந்தினால் மட்டும் போதாது, தாளும் கையில் இருக்க வேண்டும். இதைத் தோட்டத்துக் கோயில்களின் வரலாறு அறிந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் கண்முன்னே உறங்கும் சொத்து

இனி மூன்றாவது வகை. என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுவே.

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530க்கும் குறைவு. மலாக்காவில் 21. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. குடும்பங்கள் தாமான்களுக்குப் பெயர்ந்தன. இன்று நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவை, 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட 'குறைந்த மாணவர் பள்ளிகள்'. அவற்றில் காலை நேரத்திலேயே காலியான வகுப்பறைகள் உண்டு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தமிழ்ப்பள்ளி நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு ஏறத்தாழ 190 நாள் இயங்குகிறது எனக் கொள்வோம். மொத்தம் 1,140 மணி நேரம். காலை 7 முதல் இரவு 10 வரை மக்கள் நடமாடும் நேரத்தை மட்டும் கணக்கிட்டால் ஓராண்டில் 5,475 மணி நேரம். அதாவது, ஐந்தில் ஒரு பங்கே பாட நேரம். புறப்பாட நடவடிக்கைகளைச் சேர்த்தாலும் பெரும்பொழுது கதவுகள் மூடித்தான் இருக்கும்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த நான் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றேன். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இடமளிக்கிறது. எங்களுக்கு 15 பேர் கிடைத்தார்கள், ஆசிரியையும் கிடைத்தார், வகுப்பறைதான் கிடைக்கவில்லை. எஸ்.பி.எம். தமிழுக்கு நாங்கள் படித்தது சிற்றுண்டிச்சாலையின் ஒரு மூலையில். தட்டுகள் கழுவும் ஓசைக்கிடையே டீச்சர் இலக்கணம் நடத்துவார். மழை பெய்தால் அவர் குரல் கேட்காது. ஒருவர் பின் ஒருவராகத் தோழர்கள் தமிழை விட்டார்கள். இறுதியில் தேர்வு எழுதியவர்கள் ஏழு பேர். அதே நேரத்தில், நடந்து செல்லும் தூரத்தில், கரும்பலகையும் மின்விசிறியும் நாற்காலியும் உள்ள தமிழ்ப்பள்ளி பூட்டிக் கிடந்தது. யார் மீதும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவ்விரு இடங்களையும் இணைத்துப் பார்க்கும் வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை என்பதே உண்மை.

சாவியைப் பெறும் வழி

'திறந்துவிடுங்கள்' என்று சொன்னால் மட்டும் பள்ளி திறக்காது. தலைமையாசிரியரின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. பொருள் காணாமற்போனால் யார் பொறுப்பு? பிள்ளைக்கு அடிபட்டால் யார் பதில் சொல்வது? ஆகவே, மூன்று வினாக்களுக்கு விடை வைத்துக்கொண்டே போக வேண்டும்.

முதலில், நிலமும் கட்டடமும் யாருடையவை? முழு உதவி பெறும் பள்ளியா, பகுதி உதவி பெறும் பள்ளியா என்று அறிய வேண்டும். பகுதி உதவி பெறும் பள்ளி தோட்ட நிறுவனத்தின் நிலத்திலோ வாரியத்தின் பொறுப்பிலோ இருக்கலாம். அதற்கேற்ப, தலைமையாசிரியர், பள்ளி வாரியம், மாவட்டக் கல்வி அலுவலகம் என எங்கெங்கு அனுமதி வேண்டுமோ அங்கெல்லாம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அடுத்து, சாவிக்கு யார் பொறுப்பு? பெயரும் கையொப்பமும் கொண்ட ஒருவர் இருத்தல் அவசியம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். கடைசியாக, மின்கட்டணமும் துப்புரவும் யார் செலவு? முன்னாள் மாணவர்கள் இங்கேதான் கைகொடுக்க வேண்டும். மாதம் ஒரு வேளை விருந்துக்குச் செலவிடும் பணத்தைச் சிலர் சேர்ந்து தந்தாலே ஒரு வகுப்பறையின் விளக்கும் விசிறியும் ஓடும்.

தொடக்கம் சிறிதாகவே இருக்கட்டும். ஒரு பள்ளி, ஒரு வகுப்பறை, வாரம் ஒரு மாலை, இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குத் தமிழ். ஓராண்டு ஒழுங்காக நடந்தால் நம்பிக்கை வளரும். பிறகு நூலகம், நாடகப் பயிற்சி, பள்ளித் திடலின் ஓரத்தில் காய்கறித் தோட்டம் என விரியலாம். குறைந்த மாணவர் பள்ளி ஒன்றுக்குள் மாலையிலும் மக்கள் வந்து போனால், அங்கே பிள்ளையைச் சேர்க்கலாம் என்ற எண்ணம் சில பெற்றோருக்காவது வராதா?

நம் சங்கத்தில் எஸ்.பி.எம். தமிழில் சிறந்த தேர்ச்சி பெற்றவர்கள் பலர் இருக்கின்றனர். பருவ விடுமுறையில் ஊருக்குச் செல்லும் ஒவ்வொருவரும் தாம் படித்த தமிழ்ப்பள்ளியின் வாசலில் ஒரு முறை நின்று, மாலையில் எத்தனை அறைகள் காலி, அருகிலுள்ள இடைநிலைப்பள்ளியில் எத்தனை பேர் தமிழ் எடுக்கின்றனர் என்று மட்டும் குறித்து வாருங்கள். அடுத்த செயலவைக் கூட்டத்தில் அக்குறிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்ப்போம். ஆயர் குரோ வட்டாரக் குறிப்பை நான் கொண்டுவருகிறேன். ஊர் கூடினால்தான் தேர் நகரும். வடத்தில் முதலில் கை வைப்பவர்கள் நாமாக இருப்போமே!