உங்கள் செவித்திறனைக் கவனிப்பவர்கள் யார், யார்?

தொலைக்காட்சி ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறீர்களா? பேரப்பிள்ளைகள் பேசுவதை மறுபடியும் சொல்லச் சொல்கிறீர்களா? “வயதானால் அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு உதவப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

யாரிடம் செல்லலாம்?

• பலதுறை மருந்தக மருத்துவர் அல்லது குடும்ப மருத்துவர்: முதலில் இவரைப் பாருங்கள். காதில் குறும்பி அடைத்துள்ளதா, கிருமித்தொற்று உள்ளதா என்று சோதிப்பார். தேவைப்பட்டால் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்.

• காது, மூக்கு, தொண்டை நிபுணர்: காது நோய்களுக்குச் சிகிச்சை அளிப்பவர், அறுவை சிகிச்சையும் செய்வார்.

• செவித்திறன் நிபுணர்: இவர் மருத்துவர் அல்லர். ஒலி புகாத அறையில் உங்கள் கேட்கும் திறனை அளந்து, காது கேட்கும் கருவியை அதற்கேற்பச் சரிசெய்து தருவார். சோதனையில், சொற்களைக் கேட்டுத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கலாம். தமிழ்தான் வசதி என்றால் முன்பதிவின்போதே தெரிவியுங்கள்.

• பேச்சு சிகிச்சையாளர்: அறுவை சிகிச்சை மூலம் உட்செவிக் கருவி பொருத்திக்கொண்டவர்களுக்குக் கேட்கவும் பேசவும் பயிற்சி தருவார்.

உலகெங்கும் பற்றாக்குறை

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி, 43 கோடிக்கும் அதிகமானோருக்குச் செவித்திறன் சிகிச்சையும் உதவியும் தேவை. ஆனால், குறைந்த வருமான நாடுகளில் 93 விழுக்காட்டு நாடுகளில், பத்து லட்சம் பேருக்கு ஒரு செவித்திறன் நிபுணர் என்ற அளவுகூட இல்லை. அதனால், தாதியருக்கும் சமூகச் சுகாதார ஊழியர்களுக்கும் பயிற்சி தந்து, எளிய சோதனைகளை அவர்களிடம் ஒப்படைக்க நிறுவனம் பரிந்துரைக்கிறது.

சிங்கப்பூரிலும், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அக்கம்பக்கத்திலேயே கண், காது, வாய்ச் சோதனைகள் நடத்தப்படுகின்றன. அங்கே குறை தென்பட்டால், மேல்சோதனைக்குத் தவறாமல் செல்லுங்கள்.

கருவி வாங்கிய பிறகு

புதிய ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகலாம். இரைச்சலாக இருக்கிறதென்று கருவியை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். செவித்திறன் நிபுணரிடம் திரும்பச் சென்று சரிசெய்துகொள்ளுங்கள். தகுதி பெறும் மூத்தோருக்கு அரசாங்க மானியம் உண்டு. வாங்குவதற்கு முன்பே அதைப் பற்றி மருத்துவமனையில் கேளுங்கள்.

உடனே கவனியுங்கள்!

காது திடீரென்று கேட்காமல் போனால், தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். தாமதித்தால் கேட்கும் திறன் திரும்பாமலே போகக்கூடும்.