பாவுக்குக் கஞ்சி உண்டு, நெய்பவர்க்கு?

அங்கத்தினர்களுக்குக் கடன் தவணையைப் பற்றியும், கூலி விகிதத்தைப் பற்றியும், பங்கு ஈவைப் பற்றியும் எழுதுவதே நமது உத்தியோகத்திற்கு ஏற்ற காரியம். இம்மாதம் அவற்றையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குள் நுழைகிறோம். இது வரம்பு மீறிய செயல் என்று கருதும் அன்பர்கள், இதற்குக் காரணமான நிகழ்ச்சியை அறிந்த பின் நம்மைப் பொறுத்தருள்வார்கள் என்று நம்புகிறோம்.

நமது சரகம் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் பூமியில் இருக்கிறது. ஓர் ஊரில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். அடுத்த ஊரில் விவசாயிகளின் கடன் சங்கம். சென்ற சித்திரையில் ஒரு நாள் அலுவல் நிமித்தமாக விடியற்காலைப் பேருந்திலேயே நெசவாளர் தெருவிற்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டுமென்று தெருவின் நடுவே பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். அரிசிக் கஞ்சியில் சிறிது எண்ணெய் கலந்து, இழை இழையாகப் படும்படி நீண்ட புருசால் இருபுறமும் நின்று இழுத்துக்கொண்டே போனார்கள். "கஞ்சி குறைஞ்சா இழை தாங்காது சார். நாடா ஓட ஓட அறுந்துக்கிட்டே இருக்கும்" என்றார் ஒரு முதியவர். அவர் கையில் காகிதக் கோப்பையில் தேநீர் இருந்தது. அப்பொழுது அதை நாம் பொருட்படுத்தவில்லை.

அன்று பத்தரை மணி அளவில், சங்கக் கட்டடத்திற்கு எதிர்வீட்டில் தறியில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர், மிதியிலிருந்து கால் நழுவிப் படைமரத்தின்மீது சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து, ஆட்டோவில் ஏற்றி, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றார்கள். இரத்தம் மிகக் குறைவு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று அங்கிருந்த செவிலியர் கேட்டதற்கு, ஐந்தரை மணிக்கு ஒரு டீ, எட்டரை மணிக்கு ஒரு டீயும் பன்னும் என்று பதில் வந்தது. மத்தியானச் சோறு ஒன்றரை மணிக்குத்தானாம். அந்தத் தெருவில் நாம் விசாரித்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் கதை இதுவே.

பாவுக்கு வேளை தவறாமல் கஞ்சி கிடைக்கிறது. அதை நெய்கிறவருக்கு இல்லை.

இந்த அம்மாளின் நிலை ஏதோ ஒரு தெருவின் விசேஷம் அன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். பிள்ளைகளின் காலைப் பசிக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பெற்று, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலமெங்கும் விரிவாக்கப்பட்டது. பிள்ளை பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ உண்டுவிட்டுப் பாடத்திற்கு உட்காருகிறது. அதனை அனுப்பிவிட்டு வந்து தார் சுற்றும் தாய்தான் வெறும் வயிற்றோடு இருக்கிறாள்.

காலை உணவு அவசியம் என்று உபதேசம் செய்வது எளிது. அத்தெருப் பெண்களிடம் நாமும் அவ்வாறே தொடங்கினோம்; அவர்கள் சிரித்தார்கள். பிறகு காரணங்களைச் சொன்னார்கள். தண்ணீர் பிடிக்க வேண்டும், பாவு நாளானால் தெருவில் நிற்க வேண்டும், பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும். இத்தனைக்கும் நடுவே அடுப்பைப் பற்றவைத்துப் பலகாரம் செய்ய ஏது நேரம்? இது முதற் காரணம். இரண்டாவது காரணம், தறிக்குழியில் உட்கார்ந்தறியாத நமக்குத் தோன்றியே இராது. குழித்தறியில் படைமரம் வயிற்றை ஒட்டி இருக்கிறது. வயிறு நிறையத் தின்றுவிட்டு அதன்மேல் குனிந்து நெய்ய முடியாது. நெஞ்சைக் கரிக்கும், தூக்கமும் வரும். "சாப்பிட்டா வேலை ஓடாது தம்பி, சாப்பிடாட்டி உடம்பு ஓடாது" என்றார் ஒரு மூதாட்டி. ஆகவே அவர்களுக்கு வேண்டியது காலையில் அடுப்பை நாடாததும், கனமில்லாததும், ஆயினும் நண்பகல்வரை தாங்குவதுமான ஓர் ஆகாரம்.

அத்தகைய ஆகாரம் கரிசல் காட்டில் தொன்றுதொட்டு இருந்தே வந்திருக்கிறது. அந்த மூதாட்டியின் இளமையில் வீட்டுக்கு வீடு இருந்ததாம். அதுதான் இரவிலேயே ஆக்கி, உருட்டி, நீரில் இட்டு வைக்கும் கம்மஞ்சோறு. அவர் சொல்லக் கேட்டுக் குறித்துக்கொண்ட முறையை அப்படியே தருகிறோம்.

கால் கிலோ கம்பைக் கல் நீக்கிப் புடைத்து, சிறிது தண்ணீர் தெளித்துப் பிசறிக் கால்மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு உரலில் இட்டுக் குத்தினால் மேல்தோல் பிரிந்துவிடும். அதைப் புடைத்துத் தள்ளிவிட்டு மறுபடி இடித்துச் சலித்தால் குருணை தனியாகவும் மாவு தனியாகவும் கிடைக்கும். உரல் இல்லாத வீட்டில் மிக்சியை விட்டு விட்டு ஓட்டினால் போதும். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி எல்லாம் மாவாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரை உப்பிட்டுக் கொதிக்க வைத்து, குருணையை முதலில் போட்டு, அது பாதி வெந்ததும் மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கட்டி விழாமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். தீயைக் குறைத்து மூடி வைத்தால் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் ஆகிவிடும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுவே பதம். ஆறிய பின் ஈரக் கையால் உருட்டினால் ஆறேழு உருண்டைகள் தேறும். இரவு படுக்கப் போகுமுன் மண்பானையில் இவற்றை இட்டு, மூழ்கும்வரை காய்ச்சி ஆறிய நீரை ஊற்றி மூடி வைக்க வேண்டும்.

விடிந்ததும் அந்த நீர் இலேசாகப் புளித்திருக்கும். ஓர் உருண்டையை எடுத்து மோர் விட்டுக் கரைத்து, உப்பும் அரிந்த சின்ன வெங்காயமும் சேர்த்தால் காலை ஆகாரம் தயார். இதற்கு இரண்டு நிமிடம் போதும். தொட்டுக்கொள்ள மோர்மிளகாயோ, சீனியவரை வத்தலோ, பச்சை மாங்காய்த் துண்டோ உண்டு. ஏழு மணிக்குப் பாதியும் ஒன்பதரைக்குத் தறியிலிருந்து இறங்கி மீதியும் குடித்தால் குனிவதற்கு இடையூறு இல்லை. கோடையில் ஓர் இரவுக்கு மேல் வைப்பது கூடாது. புளிப்பு முற்றிப் பானை பொங்கிவிடும்.

பழம்பெருமைக்காக இதைப் புகழ்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டா. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணையின்படி, 100 கிராம் கம்பில் புரதம் ஏறக்குறைய 11 கிராமும், இரும்புச்சத்து 6 மில்லிகிராமுக்கு மேலும் உள்ளன. தீட்டிய வெள்ளை அரிசியிலோ இரும்பு 1 மில்லிகிராம்கூட இல்லை. எனினும் ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. தானியத்திலுள்ள இரும்பு முழுவதையும் நமது உடல் ஏற்றுக்கொள்வதில்லை. அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும் பொருள்களும் அதே தானியத்தில் இருக்கின்றன. புளிக்க வைப்பதால் அக்கட்டு ஓரளவு தளர்கிறது. எலுமிச்சை, நெல்லிக்காய், மாங்காய் போன்ற புளிப்புக் காய்கனிகளை உடன் உண்டால் இரும்பு மேலும் நன்றாகச் சேருகிறது. தேநீரோ இதற்கு நேர் எதிரி. அதிலுள்ள துவர்ப்பு, உணவிலுள்ள இரும்பைச் சேரவிடாமல் தடுக்கிறது. டீயை அறவே விடுங்கள் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. சொன்னால் இந்த இதழைப் படிக்கவே மாட்டார்கள். சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்பதே நமது வேண்டுகோள். மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரைக்குக் கம்பங்கூழ் மாற்றாகாது என்பதையும் நினைவில் கொள்க. சர்க்கரை நோய் உள்ளவர்கள், மாவாக அரைத்து நீர்க்கக் கரைத்த கூழை வயிறு முட்டக் குடித்தால் சர்க்கரை விரைந்து ஏறும். அவர்கள் குருணை மிகுந்த கெட்டிச் சோறாக, அளவோடு, பயறோ கீரையோ சேர்த்து உண்பதே நலம்.

கம்பு பிடிக்காத வீடுகளும் உண்டு. கேழ்வரகு மாவை முதல் நாள் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யரிசியோடு காய்ச்சி, மறுநாள் மோர் விட்டுக் கரைக்கலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று அரைத்து வைத்த மாவு இருந்தால், இட்லி ஒரே ஈட்டில் வீடு முழுவதற்கும் ஆகிவிடும். ஊற வைத்துத் துணியில் முடிந்து முளைகட்டிய பாசிப்பயறும், ஒரு கைப்பிடி வேர்க்கடலையும், அவித்த முட்டையும் எந்த ஆகாரத்தோடும் சேரும். நாற்று நடவும் களையெடுக்கவும் விடியுமுன் புறப்படும் விவசாயக் குடும்பங்களுக்குப் பழைய சோற்றின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களிடம் அந்தத் தூக்குவாளியைப் பன் பொட்டலத்திற்கு மாற்றிக்கொள்ளாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இனி நமக்குப் பழக்கமான கணக்கிற்கு வருவோம். அந்த அம்மாளின் வீட்டில் கணவனும் மனைவியும் காலையில் ஆளுக்கு இரண்டு டீ, ஒரு பன். டீ 12 ரூபாய், பன் 10 ரூபாய் என்று கொண்டால் இருவருக்கும் நாளொன்றுக்கு 68 ரூபாய். மாதம் 25 வேலை நாளுக்கு 1,700 ரூபாய். டீக்கடைப் பற்று நோட்டில் எழுதப்படுவதால் இத்தொகை கண்ணுக்குத் தெரிவதில்லை. கூலி வாங்கிய அன்று மொத்தமாகக் கழிந்துவிடுகிறது. சங்கத்தில் சிறுசேமிப்புக்கு 100 ரூபாய் பிடித்தால் முணுமுணுக்கும் அதே வீட்டார் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கால் கிலோ கம்பும் அரை லிட்டர் மோரும் வெங்காயமும் இந்த 68 ரூபாய்க்குள் தாராளமாக அடங்கிவிடும். பிள்ளைகளுக்கும் விடுமுறை நாளில் அதிலேயே பங்கு கிடைக்கும்.

இதைக் கேட்ட ஒன்பது வீட்டுப் பெண்கள் கூடி, பக்கத்து ஊர்க் கடன் சங்கத்து விவசாய அங்கத்தினர் ஒருவரிடமிருந்து ஒரு மூட்டை கம்பை நேராக வாங்கினார்கள். இதற்குப் பதிவும் இல்லை, துணைவிதியும் இல்லை. ஆகையால் நாம் ஆய்வு செய்யவும் இடமில்லை. ஆனால் யோசனை சொல்லாமல் இருக்க நம்மால் முடியவில்லை. தோல் நீக்கி மொத்தத்தையும் ஒரேயடியாக அரைத்துவிடுங்கள், அரவைக் கூலியும் வண்டிச் சத்தமும் மிச்சமாகும் என்று சிக்கனம் போதித்தோம். அவர்களும் படித்தவர் சொல்லுகிறார் என்று நம்பி அரைத்துவிட்டார்கள். பத்தாம் நாள் மாவு கசந்துவிட்டது. கம்பில் கொழுப்புச் சத்து மிகுதியாதலால், அரைத்த மாவு ஒரு வாரத்திற்குள் காறிப்போகும் என்பது அத்தெரு மூதாட்டிக்குத் தெரிந்திருந்தது. பட்டப்படிப்பு முடித்த நமக்குத் தெரியவில்லை. அவரைக் கேட்டிருந்தால் முழுத் தானியமாக வைத்துக்கொண்டு வாராவாரம் வேண்டிய அளவே அரைத்திருப்பார்கள். நட்டத்தில் ஒரு பங்கை நாம் ஏற்றுக்கொண்டோம். இரண்டு வீட்டார் மீண்டும் பன்னுக்கே போய்விட்டார்கள்.

மற்ற ஏழு வீடுகளில் பானை இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் முறை வைத்து ஒருவர் அரைவை மில்லுக்குப் போய் வருகிறார். தறியில் சாய்ந்த அம்மாள் மாத்திரையையும் விடவில்லை, கூழையும் விடவில்லை. சென்ற முறை சுகாதார நிலையத்தில் பார்த்தபோது இரத்தம் சற்றே ஏறியிருந்ததாகச் சொன்னார். மாத்திரையாலா, கூழாலா என்று நாம் கேட்கவில்லை. அவர் நம்மைத்தான் கேட்டார், "நீங்க காலையில என்ன சாப்பிட்டீங்க தம்பி?" என்று. பேருந்து நிலையத்து டீயோடு வந்திருந்த நாம், பதில் சொல்லாமல் வருகைப் பதிவேட்டைப் புரட்டினோம். ஒரு செம்பு கூழ் வந்து சேர்ந்தது.

மானாவாரிக் கம்பு நமது பகுதியில் புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதைத்துத் தை மாதத்தில் அறுவடையாகிறது. களத்திலேயே வாங்கினால் விலையும் சகாயம், விவசாயிக்கும் தரகு மிச்சம். நன்றாகக் காயவைத்து, வேப்பிலை கலந்து கட்டினால் மூட்டை பல மாதம் தாங்கும். வேண்டிய வீட்டார் எத்தனை கிலோ என்பதை மார்கழி முடியுமுன் தங்கள் சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிடலாம்; இரு ஊர்ச் செயலாளர்களும் பட்டியலை ஒப்பிட்டுக்கொள்ள இசைந்திருக்கிறார்கள். அரைப்பதைப் பற்றி மட்டும் நம்மிடம் கேட்க வேண்டா.