பவளமும் போசணை அளவும்

நெடுந்தீவைக் கண்டவர்கள் அங்கே முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளை மறந்திருக்க மாட்டார்கள். அக்கற்கள் கடலடியில் பவளச் சிற்றுயிர்கள் கட்டிய கூடுகளே. நாம் வாழும் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டும் அவ்வாறே உருவானது. இன்று பலர் அவ்வுயிர்களை வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளிலும் வளர்க்கின்றனர். அவற்றின் நலம் நீரிலுள்ள போசணையின் அளவில் பெரிதும் தங்கியுள்ளது.

பவள உயிரியின் உடலினுள்ளே நுண்ணிய அல்காக்கள் குடியிருந்து, சூரிய ஒளியால் உணவாக்கி, அதற்கும் பங்களிக்கின்றன. அவ்வல்காக்களுக்கு நைதரசனும் பொசுபரசும் தேவை. ஆயினும் சிறிதளவே போதும்.

மிகுந்தால் விளைவு யாது? குயீன்ஸ்லாந்துக் கரைக்கு அப்பால் வன் ட்றீ தீவில் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுநிலையம் உள்ளது. அங்கே 1993 முதல் 1996 வரை ஆய்வாளர்கள் 12 சிறு பவளத்திட்டுகளைத் தெரிந்தெடுத்தனர். மூன்றுக்கு நைதரசனும், மூன்றுக்குப் பொசுபரசும், மூன்றுக்கு இரண்டும் சேர்த்தனர். எஞ்சிய மூன்றையும் இயல்பாகவே விட்டனர். பொசுபரசு பெற்ற பவளங்கள் விரைந்து நீண்டன. ஆனால் அவற்றின் எலும்புக்கூடு அடர்த்தி குன்றி, எளிதில் முறியத்தக்கதாயிற்று. போசணை சேர்த்த எல்லா வகைத் திட்டுகளிலும் இனப்பெருக்கம் பாதிப்புற்றது. செழிப்பாகத் தோன்றுவதெல்லாம் நலமன்று என்பதை இதனால் அறிகிறோம்.

தொட்டியில் இவ்விடர் இன்னும் பெரிது. மீன்கள் உண்ணாது விட்ட உணவும் அவற்றின் கழிவும் அமோனியாவாகின்றன. பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. கடலில் அலையும் நீரோட்டமும் அவற்றைக் கொண்டுசெல்லும்; தொட்டியிலோ அவை தேங்கும். பாசி படர்ந்து பவளத்தை மூடும்.

ஆகவே, கிழமைதோறும் நீரைச் சோதித்தல் வேண்டும். ஒரு லீற்றரில் நைத்திரேற்று 2 முதல் 10 மில்லிகிராம் வரையும், பொசுபேற்று 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரையும் இருக்குமாறு பலர் பேணுகின்றனர். மிகுந்தால் உணவைக் குறைக்கலாம்; நீரில் ஒரு பகுதியை மாற்றலாம்; கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவியைப் பொருத்தலாம். ஆயினும் அளவைப் பூச்சியமாக்குதல் தகாது. பொசுபேற்றின்றிப் பட்டினி கிடக்கும் பவளமும் வெளிறிவிடும். எந்த மாற்றத்தையும் சிறிது சிறிதாகவே செய்தல் வேண்டும்.

குயீன்ஸ்லாந்தின் கரும்பு வயல்களில் இடப்படும் உரமும் மழைவெள்ளத்தோடு ஆறுகளில் இறங்கிப் பெருந்திட்டை அடைகின்றது. அந்நீரைத் தொட்டிநீரைப் போல் மாற்ற எவராலும் இயலாது. வயலில் இடும்போதே அளவறிந்து இடுவதொன்றே வழி.

மாணவச் செல்வங்களே, மீனுக்குப் பசிக்குமோ என்று அன்பினால் இன்னொரு சிட்டிகை உணவு இடுமுன், அந்நீரை அளந்து பாருங்கள்.