‘நேர்மறை’ என்ற முடிவின் பொருள் என்ன? கருப்பை வாய்ப் பரிசோதனை எண்களைப் புரிந்துகொள்ளுதல்

தேசியத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தின்கீழ், 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, சுமார் ஒரு நிமிடம் கழித்து அவ்விடம் வெண்மையாகிறதா என்று செவிலியர் பார்ப்பார். வெண்மையானால் சீட்டில் ‘நேர்மறை’ (பாசிட்டிவ்) என்று குறிக்கப்படும். புதுச்சேரியில் வசிக்கும் உங்களிடம், கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்கோ அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கோ மேல்பரிசோதனைக்குச் செல்லுமாறு கூறப்படலாம். அச்சீட்டைக் கண்டவுடன் பலர் தமக்குப் புற்றுநோய் வந்துவிட்டதாகவே எண்ணிவிடுகின்றனர். சிலர் அந்த அச்சத்தினாலேயே அடுத்த பரிசோதனைக்குச் செல்லாமல் இருந்துவிடுகின்றனர். இதுவே உண்மையில் ஆபத்தானது.

இப்பரிசோதனையைப் பற்றிய முக்கியமான ஆய்வொன்று தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் நடைபெற்று, அதன் முடிவுகள் 2007-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயின. அதில் 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் பரிசோதனைக்கு உரியவர்களாக இருந்தனர். வந்து பரிசோதித்துக் கொண்டோர் 31,343 பேர். அவர்களுள் நேர்மறை முடிவு பெற்றோர் 3,088 பேர், அதாவது ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஒருவர். 2000 முதல் 2006 வரை, பரிசோதனைக்கு வராதவர்களையும் சேர்த்து, அப்பகுதிகளில் கண்டறியப்பட்ட கருப்பை வாய்ப் புற்றுநோய்கள் 167 மட்டுமே. அந்த 167 பேருமே நேர்மறை முடிவு பெற்றவர்கள் என்று வைத்துக்கொண்டாலும், நேர்மறை பெற்ற நூறு பேரில் ஐந்து அல்லது ஆறு பேருக்கு மேல் புற்றுநோய் இருந்திருக்க முடியாது. அழற்சி போன்ற பிற காரணங்களாலும் கருப்பை வாய் வெண்மையாகத் தோன்றும். கால்போஸ்கோப்பியும் தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் செய்த பின்னரே உண்மை நிலை தெரியவரும்.

ஆயினும் ‘நேர்மறை’ என்பதைப் புறக்கணித்தல் கூடாது. அவ்வாய்வின் பரிசோதனைப் பகுதிகளில் 1,874 பெண்களுக்குப் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் இருந்தன. இந்நிலையிலேயே சிகிச்சை அளித்தால் புற்றுநோய் வராமல் தடுக்க இயலும். பரிசோதனையின் நோக்கமே இதுதான்.

இனி, இத்தகைய ஆய்வுகளைப் பற்றிய செய்தியை எவ்வாறு வாசிப்பது என்று பார்ப்போம். ‘பரிசோதனையால் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது’ என்பதே இந்த ஆய்வின் பெரிதும் அறியப்பட்ட முடிவு. இது ஒப்பீட்டு அளவு. எதில் 35 விழுக்காடு என்று கேளுங்கள். ஒரு பெண்ணை ஓராண்டு கண்காணிப்பதை ஒரு ‘நபர்-ஆண்டு’ என்பர். பரிசோதனைப் பகுதிகளில் 2,74,430 நபர்-ஆண்டுகளில் 83 இறப்புகளும், ஒப்பீட்டுப் பகுதிகளில் 1,78,781 நபர்-ஆண்டுகளில் 92 இறப்புகளும் நேர்ந்தன. எளிய வகுத்தலில், இலட்சத்துக்கு முறையே சுமார் 30, 51. ஆகவே இலட்சம் பெண்களுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 21 இறப்புகள் குறைவு. (இவ்வெளிய கணக்கில் குறைவு 41 விழுக்காடாக வரும். புள்ளியியல் முறைப்படி கணக்கிட்டு ஆய்வாளர்கள் அறிவித்ததே 35.) ஒரு தனிப்பெண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு, ஒரு மாவட்டத்துக்குப் பெரியது.

அந்த 35-உம் துல்லியமான எண் அன்று. 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளியின்படி, உண்மையான குறைவு 11 முதல் 53 விழுக்காடு வரை இருக்கக்கூடும். இடைவெளி அகலமானதுதான். எனினும் அதன் கீழ் எல்லை சுழியைத் தொடவில்லை என்பதால், பயன் வெறும் தற்செயல் என்று கூறுவதற்கு இடம் குறைவு.

மற்றொன்றும் உண்டு. எந்தப் பகுதிக்குப் பரிசோதனை என்பதை ஆய்வாளர்கள் விருப்பப்படி தேர்ந்தெடுக்கவில்லை. 114 பகுதிகளில் 57 சீரற்ற முறையில், குலுக்கல் போல, ஒதுக்கப்பட்டன. அழைத்தும் வராதவர்களையும் பரிசோதனைக் குழுவிலேயே சேர்த்துக் கணக்கிட்டனர். தாமாக முன்வந்து பரிசோதித்துக் கொள்பவர்கள் பொதுவாகவே உடல்நலத்தில் கூடுதல் கவனம் உடையவர்களாக இருக்கலாம். அவர்களை மட்டும் மற்றவர்களோடு ஒப்பிட்டால் பரிசோதனையின் பயன் மிகையாகத் தெரியும். இவ்விரண்டையும் செய்யாத ஆய்வுகளின் முடிவுகளைச் சற்று எச்சரிக்கையுடன் ஏற்பது நன்று.

‘எதிர்மறை’ (நெகட்டிவ்) என்ற முடிவு அன்றைய நிலையை மட்டுமே குறிக்கிறது. எந்தப் பரிசோதனையும் சிலரைத் தவறவிடும். மாதவிடாய் நின்ற பின்னரோ, உடலுறவுக்குப் பின்னரோ, இரு மாதவிடாய்களுக்கு இடையிலோ இரத்தப்போக்கு இருந்தால், அடுத்த ஐந்தாண்டு வரை காத்திராமல் உடனே மருத்துவரை அணுகுங்கள். முந்தைய பரிசோதனைச் சீட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.